ஜி. தேவகியும் எஸ். தேவகியும்

சென்னை விமான நிலைய வாசலில் என் அப்பாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். 'மிஸ்டர் முனியாண்டி' என்று கொட்டை எழுத்தில் அட்டை. அப்பா காலமாகி இருபது வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே பினாங்கை விட்டு எங்கும் போகாத மனுஷன். நான் அட்டைக்கு நேராகப் போய் நின்றேன். டிரைவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, சார் பின்னாடி வருகிறாரா என்று கேட்டார்.

சார் யாரும் கிடையாது, நான்தான் என்று புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மலேசிய அடையாள அட்டையில் என் பெயர் 'கலாவதி ஏ/பி முனியாண்டி'. ஏ/பி என்றால் மலாயில் இன்னாரின் மகள் என்று அர்த்தம். பிறந்தபோது போட்டது, கல்யாணம் ஆனாலும் மாறாது. இங்கே ஆபீசில் யாரோ கடைசி வார்த்தைதான் பெயர் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். மெஷின் சொல்லிக்கொடுக்க வருகிற ஆள் ஆண்பிள்ளைதான் என்பதையும் கையோடு முடிவு கட்டிவிட்டார்கள்.

வண்டி கிளம்பியதும் மரியாதைக்கு, "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது அது. டிரைவர் ஏழுமலை கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம், மடத்துல பேசுற மாரி பேசுறீங்க. நாஷ்டா துன்னாச்சானு கேளுங்க, போதும்."

கேட்டதற்குப் பலனாக ஒரு கடையில் நிறுத்தி இட்லியும் வடகறியும் சாப்பிடவைத்தார். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்டுக் குழம்பாக்குகிறார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயை அந்த ஒரு வேளை மறந்தே போனேன். செம்பரம்பாக்கம் ஏரி வந்தபோது, மெட்ராஸ் குடிக்கிற தண்ணீர் இதுதான் என்று தன் சொந்த ஏரியைப் போலக் காட்டினார். அதற்கப்புறம் ரோடு முழுக்கப் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளும் வெள்ளை வெள்ளையான கம்பெனி பஸ்களும்தான். ஸ்ரீபெரும்புதூரில் கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே கொரிய எழுத்தும் இருக்கிறது.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனிக்கு ஒரகடத்தில் ஒரு கிளை உண்டு. கார், லாரிகளுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகள் செய்கிறார்கள். ஒயரின் நுனியில் பித்தளைக் கிளிப்பை வைத்து நசுக்கிப் பொருத்தும் மெஷின், பழையதைவிட வேகமான புது மாடல் அங்கே வந்திருந்தது. ஒரு வாரத்தில் எட்டுப் பேருக்கு அதைப் பழக்கவேண்டும். போகும்போது அந்த எட்டுப் பேரில் ஒருவரை, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுந்தவர் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அவர்தான் புது லைனின் லீடர். பதினெட்டு வயதில் லைனில் உட்கார்ந்தவள் நான், இப்போது ஐம்பத்திரண்டு. இந்த வேலைக்கு நான் போகாமல் யார் போவது?

திங்கட்கிழமை கேட்டில் என் கழுத்தில் ஒரு பேட்ஜை மாட்டினார்கள். அதிலும் மிஸ்டர் முனியாண்டி. மாற்றித் தரச் சொன்னேன். செக்யூரிட்டி பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டம்ல அப்படித்தான் மேடம் இருக்கு," என்றான். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும், என் வீட்டுக்காரர் அதற்கு முப்பது வருஷச் சாட்சி. ஆனாலும் வந்த முதல் நாளே சண்டை வேண்டாம் என்று அப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

லைன் சூப்பர்வைசர் முரளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தென்காசிப் பக்கத்து ஆள், நிதானமாகப் பேசுவார். எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்தார். ஏழு பெண்கள், கார்த்திக் என்று ஒரு பையன். பின்னால் சுவரில் ஒரு பெரிய பலகை. அது எங்கள் பினாங்கிலும் உண்டு. ஆளுக்கு ஒரு வரி, வேலைக்கு ஒரு வட்டம். வட்டத்தை நான்கு பாகமாகப் பிரித்திருப்பார்கள். வேலை கற்றுக்கொள்கிறார் என்றால் கால் வட்டம் கறுப்பு. பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார் என்றால் அரை. தனியாகச் செய்வார் என்றால் முக்கால். மற்றவருக்குச் சொல்லித்தருவார் என்றால் முழு வட்டம். சனிக்கிழமை நடக்கும் லைன் லீடர் பரீட்சைக்கு உட்காரவே முக்கால் வட்டம் வேண்டும்.

பலகையைப் பார்த்தேன். கார்த்திக்குக்கு முழு வட்டம். பெண்களில் ஒருவருக்குக்கூட நான்காவது கால் கறுப்பாகவில்லை. கடைசி வரியில் 'எஸ். தேவகி' என்று ஒரு பெயர், அதற்கு வெறும் கால் வட்டம். புதுசு போலிருக்கிறது என்று நினைத்து, ஒயர் எடுத்துக் கொடுக்கும் எடுபிடி வேலையில் அவளை நிறுத்தினேன். அது என் தப்பு. பலகையை நம்பினேன், ஆளைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒயர்க் கட்டோடு நின்ற தேவகி, "நிறுத்துங்க, சத்தம் மாறுது," என்றாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரியவில்லை, ஒன்றுமில்லை. மெஷினில் இருந்த கார்த்திக் என்னைப் பார்த்தான். நான் நிறுத்தச் சொன்னேன். கடைசியாக வந்த நான்கு துண்டுகளை அளந்தால் நான்கும் சரியாக நசுங்கவில்லை. அப்புறம் அவள் மூடியைத் திறந்து, உள்ளே சிக்கியிருந்த பித்தளைத் துணுக்கைக் குச்சியால் தட்டி எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அந்தச் சத்தத்தைப் பிடிக்க எனக்கு நான்கு வருஷம் ஆனது. கால் வட்டக்காரிக்கு அது எப்படிக் கேட்டது?

முரளியைக் கேட்டேன். தேவகி சேர்ந்து பதினோரு மாதம்தான் ஆகிறது என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. அன்று மத்தியானம் கேன்டீனில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். தேவகி எனக்கு எதிரில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னாள்.

புதன்கிழமை நான் அழகாக ஒரு வேலை செய்தேன். கார் வேண்டாம், எல்லாரும் வருகிற பஸ்ஸிலேயே வருகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, நான் தங்கியிருந்த ஸ்ரீபெரும்புதூரில் வந்து நின்ற வெள்ளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். முன்பக்கம் முழுக்கப் பெண்கள், பாதிப் பேர் தூக்கம். பக்கத்தில் இருந்த பெண் டப்பாவைத் திறந்து லெமன் சாதம் நீட்டினாள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். எந்தக் கம்பெனி என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் நின்ற இடம் வல்லம் வடகால், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொழிற்சாலையின் கேட். அங்கே இருந்த செக்யூரிட்டி என் பேட்ஜைப் படித்துவிட்டு, "முனியாண்டி சார் எங்க மேடம்?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

முரளிக்கு போன் செய்தேன். அந்த ஊரிலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறவள் ஒருத்தி இருக்கிறாள், அனுப்புகிறேன் என்றார். பத்து நிமிஷத்தில் வந்து நின்றது தேவகி. ஹெல்மெட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பக்கமும் தகர ஷெட்டுகள், நடுநடுவே மிச்சமிருக்கும் பச்சை. ஒரு நீல ஷெட்டைக் காட்டி, அது தன் சித்தப்பா பயிர் வைத்திருந்த கழனி என்றாள். இப்போது அதே ஷெட்டில் சித்தப்பா மகன் வேலை செய்கிறானாம். வருத்தமாகச் சொல்லவில்லை, வழி சொல்வது போலத்தான் சொன்னாள். அந்தப் பேச்சோடு பேச்சாக, இந்த வேலைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன்.

"ஆறு வருசம் மேடம்."

முரளி பதினோரு மாதம் என்கிறாரே என்றேன். அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"அது எஸ். தேவகிக்கு மேடம். அதுக்கு முன்னாடி அஞ்சு வருசம் நான் ஜி. தேவகியா இருந்தேன். எங்கப்பா கோவிந்தசாமி. கல்யாணம் ஆச்சி, அவரு பேரு சுரேஷு. பேங்க்ல, ஆதார்ல எல்லாம் எஸ்ஸுனு மாத்திட்டோம். இங்கயும் மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன். சிஸ்டம் பேர மாத்த வுடலனு புது நம்பர் போட்டாங்க. ஜி. தேவகி வேலய வுட்டுப் போயிட்டானு எழுதிட்டு, எஸ். தேவகி புதுசா சேந்துட்டானு எழுதிக்கினாங்க. போர்டுல முக்கா வட்டம் இருந்திச்சி. அழிச்சிட்டு கால் வட்டம் போட்டுட்டாங்க."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதற்கு அடுத்த நொடி வந்தது வேறு. பதினோரு மாதமாக இந்தப் பெண் தான் செய்கிற வேலைக்கே புதிதாகப் பழகுகிறவளாக நின்றுகொண்டிருக்கிறாள். நானும் அவளை ஒயர் எடுத்துக் கொடுக்க நிறுத்தினேன். கேட்கவில்லையா என்றேன். இரண்டு முறை கேட்டாளாம், அடுத்த ஆடிட்டில் பார்க்கலாம் என்றார்களாம். சனிக்கிழமை பரீட்சைக்கு உட்கார ஆசையா என்று கேட்டேன்.

"ஆசதான். கார்த்திக்குக்கு வேல சொல்லிக் குடுத்ததே நான்தான். அவனுக்கு முழு வட்டம், எனக்கு கால் வட்டம். ஆனா நீங்க போயி என் பேரச் சொல்லிக் கேக்காதீங்க மேடம். நீங்க பிளேன் ஏறிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

அது நியாயமான பேச்சு. "நீயாகச் சொல்கிற வரைக்கும் உன் பேரை நான் எடுக்க மாட்டேன் தங்கச்சி," என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பினாங்கிலும் பெண்கள் என்று எங்களை ஒதுக்கத்தான் ஒதுக்கினார்கள். எனக்கு நான்காவது கால் கிடைக்கப் பதினோரு வருஷம் ஆனது, மூன்று மேனேஜர்களோடு சண்டை போட்டேன். ஆனால் நான் தாலி கட்டிக்கொண்ட மறுநாள் என் வட்டத்தை யாரும் அழிக்கவில்லை. என் பெயரோடு ஒட்டியிருப்பதும் ஒரு ஆம்பிளை பெயர்தான். என்ன, அது இருந்த இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கேன்டீனில் எலுமிச்சை ஊறுகாயைத் தட்டில் வைத்துக்கொண்டு பொதுவாக ஒரு கேள்வி கேட்டேன். இங்கே எத்தனை பேர் கல்யாணத்துக்கப்புறம் இனிஷியல் மாற்றினீர்கள்? எங்கள் மேஜையில், என் எட்டுப் பேரில் இருந்த சுமதி கை தூக்கினாள், ஜெனிஃபர் கை தூக்கினாள், அடுத்த மேஜையிலிருந்து இன்னும் இரண்டு கை. எல்லாருக்கும் வட்டம் போயிருக்கிறது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தேவகி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறையில் கூட்டம். நல்ல டீ, நல்ல பிஸ்கட். மேனேஜர் மரியாதையானவர், குரல் உயர்த்தாதவர். புது லைனுக்கு கார்த்திக்கை லீடராகப் போடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். பெண்களுக்கு எதிராக ஒன்றுமில்லையாம், தனக்கும் இரண்டு மகள்களாம். ஆனால் அனுபவம் என்ன சொல்கிறது என்றால் என்று சொல்லிச் சுவரில் ஒரு படத்தைப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் வேலையில் நீடிப்பதில்லை என்று மேலே தலைப்பு, கீழே வேலையை விட்டுப் போன ஒன்பது பெண்களின் பட்டியல். நாம் பயிற்சி கொடுத்து என்ன பிரயோஜனம் மேடம், போய்விடுகிறார்களே என்றார்.

பட்டியலில் முதல் பெயர் ஜி. தேவகி. மூன்றாவது கே. சுமதி. ஐந்தாவது ஆர். ஜெனிஃபர்.

டீயைக் கீழே வைத்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் இது நான் எடுத்த பெயர் இல்லையே, மேனேஜர் தானாகச் சுவரில் போட்ட பெயர். அந்தப் பட்டியலை ஒரு காகிதத்தில் எடுத்துத் தரச் சொன்னேன். எதற்கு என்றார். மத்தியானம் லைனுக்கு வாருங்கள் சார், இரண்டு நிமிஷ வேலை என்றேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் மெஷினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முரளி அவர்களைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். மேனேஜர் என் பக்கத்தில் நின்றார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல வாசித்தேன்.

"ஜி. தேவகி."

தேவகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாவிட்டால் நான் அடுத்த பெயருக்குப் போய்விடவேண்டும், அதுதான் நான் கொடுத்த வாக்கு. காகிதத்தில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.

"இருக்கேன் மேடம்," என்றாள் தேவகி. அப்புறம் மேனேஜரை நேராகப் பார்த்து, "நான் எங்கயும் போவல சார். ஒரு நாளு லீவு கூட போடாம இங்கதான் நின்னுகினு கீறேன்," என்றாள்.

அதற்குப் பிறகு நான் வாசிக்கத் திணறவே இல்லை. கே. சுமதி, இருக்கேன். ஆர். ஜெனிஃபர், இருக்கேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல். ஒருத்தி அடுத்த ஷிப்ட்டில் வருகிறாள் என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள். பி. ரேவதி என்று வாசித்தபோது மட்டும் பதில் இல்லை. "அவ நெசமாவே பூட்டா மேடம்," என்றாள் சுமதி. "குழந்தையப் பாத்துக்க ஆளு இல்ல." ஒன்பதில் ஒன்று. அந்த ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றேன்.

மேனேஜர் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். முரளி பலகையைத் திரும்பிப் பார்த்தார். "நான் இந்த லைனுக்கு வந்த புதுசு, சிஸ்டத்துல இருந்துச்சு, நம்பிட்டேன் மேடம். என் கையாலதான் அந்த வட்டத்த அழிச்சேன். அவங்க அங்கயே நின்னாங்க, எனக்குத் தோணவே இல்ல," என்றார். அப்போது கார்த்திக் யாரும் கேட்காமலே, தான் சேர்ந்தபோது வேலை சொல்லிக்கொடுத்தது தேவகி அக்காதான் என்றான். சொல்லிவிட்டு முகம் வாடிப்போய்த் தன் இடத்துக்குப் போனான். அவனுக்கும் அந்தப் பதவி மேல் ஆசை இருந்திருக்கும். ஆனாலும் வாயைத் திறந்தானே, அதை நான் மறக்க மாட்டேன்.

சாயங்காலத்துக்குள் முக்கால் வட்டங்கள் திரும்ப வந்தன. பழைய நம்பரையும் புது நம்பரையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி மேனேஜர் ஆபீசுக்கு எழுதினார். வாயால் சொன்னதை நான் நம்புகிற ஆள் இல்லை, அந்தக் கடிதத்தில் எனக்கும் ஒரு நகல் வாங்கிக்கொண்டேன். தேவகியின் பெயர் பரீட்சைப் பட்டியலில் ஏறியது. சலுகை ஒன்றும் கிடையாது. நான்காவது கால் வேண்டுமென்றால் எல்லாரையும் போல அவளும் சம்பாதிக்கவேண்டும்.

சனிக்கிழமை பரீட்சை. மெஷினே தெரியாத ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்து, அவர் கையால் வரிசையாகப் பத்து நல்ல துண்டு வரவைக்கவேண்டும். யாரை உட்காரவைப்பது என்று மேனேஜர் தேடினார். "நான் உக்காருதேன்," என்றார் முரளி. ஒரு வருஷமாக அந்த லைனை மேய்க்கிறவர், மெஷினில் ஒரு நாள் கை வைத்ததில்லை.

பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நாலாவது துண்டு போச்சு. மறுபடி ஒன்றிலிருந்து. ஏழாவது போச்சு. முரளிக்கு வேர்த்து ஊற்றியது, நேரம் முக்கால்வாசி ஓடிவிட்டது. அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவகி அதட்டவும் இல்லை, கையைப் பிடித்துத் தானே செய்துவிடவும் இல்லை. குனிந்து, "கண்ண மூடுங்க சார். வெளக்கு அப்புறம்தான் எரியும், சத்தம் முன்னாடியே சொல்லிடும்," என்றாள்.

முரளி கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவதில் தானாகவே கையை எடுத்து நிறுத்தினார், மூடியைத் திறந்து துணுக்கைத் தட்டினார், மறுபடி ஓட்டினார். பத்தும் வந்தன. மேனேஜரே அளவுகோலை வாங்கிப் பத்தையும் அளந்தார். பத்தும் சரி. சுமதி விசில் அடித்தாள், யாரும் அவளைத் திட்டவில்லை. என் பரிந்துரையில் தேவகியின் பெயரை ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முரளி மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். கடைசி வரியை அழித்துவிட்டு மேலே புது வரி எழுதக் கையைத் தூக்கியவர் நின்றுவிட்டார். எந்த இனிஷியல் போடுவது, ஜியா எஸ்ஸா என்று திரும்பிக் கேட்டார்.

"இந்த லைன்ல வேற தேவகி இருக்காங்களா சார்?"

"இல்ல."

தேவகி அவர் கையிலிருந்து மார்க்கரை வாங்கினாள். 'தேவகி' என்று மட்டும் எழுதினாள். பக்கத்தில் வட்டம் வரைந்து, கோடு போட்டு, முதல் மூன்று பாகத்தையும் நிதானமாகக் கறுப்பாக்கினாள். நான்காவதை இன்னும் நிதானமாக, ஓரத்தில் வெள்ளை தெரியாத அளவுக்கு அழுத்தித் தீட்டினாள். அப்புறம் மார்க்கரை மூடாமலே, மிஸ்டர் முனியாண்டி இன்னும் கழுத்தில் தொங்கிய என்னிடம் வந்தாள். ஒரு வாரமாக மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

"அக்கா, உங்க பேட்ஜக் குடுங்க," என்றாள்.